கோதுமை தேசத்தின் கவலை

பாரிஸ் நகரிலிருந்து தென்மேற்கே போகும் ரயிலில் ஏறினால், சுமார் ஒரு மணி நேரத்தில் ஷார்த்ர் என்ற ஊர் வந்துவிடும். ஊர் வருவதற்கு வெகு முன்பே அதன் மாதாகோவில் தெரிந்துவிடுகிறது. காரணம், நடுவில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மேடு இல்லை, மலை இல்லை, மரங்கூட அதிகமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல். அதற்கு அப்பாலும் கோதுமை வயல். உயரத்தில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு கோபுரங்கள் மட்டும் அந்த வயல்களுக்கு நடுவே தலைதூக்கி நிற்கின்றன.

இந்தச் சமவெளிக்குப் 'போஸ்' என்று பெயர். (நேதாஜிக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பிரெஞ்சுக்காரர் உச்சரிப்பு அப்படி அமைந்துவிட்டது!) 'பிரான்ஸின் களஞ்சியம்' என்று இதைப் பல தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். எமிலி ஸோலா 1887-ல் வெளியிட்ட 'பூமி' என்ற நாவலின் கதை நடப்பதும் இந்த மண்ணில்தான். வயதான குடியானவர் ஒருவர் தமது நிலத்தை மூன்று பிள்ளைகளுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு படுகிற பாடுதான் அந்தக் கதை.

ஐரோப்பிய ஐக்கியத்தில் எல்லோரையும்விட அதிகமாகக் கோதுமை விளைவிக்கும் தேசம் பிரான்ஸ். விளைவதில் ஏறக்குறையப் பாதியை வெளிதேசங்களுக்கு விற்றுவிடுகிறது. ஸேன் நதிக்கரையிலுள்ள ரூவான் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகத் தானியம் போகிறது. இப்படிப்பட்ட தேசத்தில் 2024-ம் வருஷம் களத்துக்கு வந்து சேர்ந்த சாதாரணக் கோதுமை எவ்வளவு தெரியுமா? சுமார் 2 கோடியே 60 லட்சம் டன். வழக்கமாக 3 கோடியே 50 லட்சம் டன்னையொட்டி விளையும். 1980-களுக்குப் பிறகு இவ்வளவு மோசமான அறுவடையை அந்தத் தேசம் கண்டதில்லை.

யுத்தம் நடந்ததா? இல்லை. பஞ்சமா, வறட்சியா? அதுவும் இல்லை. மழை பெய்தது. நிற்காமல் பெய்தது. அவ்வளவுதான்!

ஒன்பது மாதப் பயிர்

மழை பெய்து கோதுமை கெடுமா என்று வாசகர்கள் கேட்கலாம். கோதுமை அங்கே எப்படி வளர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தச் சந்தேகம் தீரும்.

பிரான்ஸின் வடபாதியில் கோதுமையை அக்டோபரில் விதைக்கிறார்கள். அறுப்பது அடுத்த ஜூலையில். ஒன்பது மாதத்துக்கும் மேலாகப் பயிர் மண்ணில் நிற்கிறது. குளிர்காலத்துக்கு முன் முளைத்து, இரண்டு மூன்று இலை விட்டு, தூர் கட்டத் தொடங்கிய நிலையில் குளிருக்குள் நுழைகிறது. பிறகு வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பார்ப்பவனுக்கு இது செத்த பயிர் என்று தோன்றும். உண்மையில் அந்தக் குளிர் அதற்குத் தேவை. சில வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் பின்னால் கதிர் விடும் குணம் அந்தச் செடிக்கு வருகிறது. மார்ச்சில் வெயில் நீள நீள எழுந்து நிற்கிறது. மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில் பூக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே பகல் பொழுது 16 மணி நேரம். ஆனால் சூடு அதிகமில்லை. நீண்ட பகலும் மிதமான சூடும் சேர்ந்து, மணி நிதானமாகப் பால் பிடித்து முற்றுகிறது. பயிருக்கு இதைவிடச் சுகமான வாசம் உலகில் அதிக இடங்களில் கிடையாது.

மண்ணும் அப்படிப்பட்ட மண். போஸ் சமவெளியில் மேலே காற்று கொண்டுவந்து படிய வைத்த மெல்லிய மண், கீழே சுண்ணாம்புக்கல். மேல்மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் மிகுதி நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆனால் இவ்வளவு சுகத்துக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் டிராக்டர் வயலில் இறங்க முடியவேண்டும். வசந்த காலத்தில் வேருக்குக் காற்று கிடைக்கவேண்டும். பூக்கும் சமயத்தில் வெயில் அடிக்கவேண்டும்.

2023 அக்டோபரில் தொடங்கிய மழை இந்த மூன்றையும் கெடுத்தது. வயல்களில் இறங்கிய சக்கரம் புதைந்தது. விதைக்க நினைத்த இடமெல்லாம் விதைக்க முடியவில்லை. வழக்கமாக 47 லட்சம் ஹெக்டேரையொட்டி இருக்கும் கோதுமைப் பரப்பு 42 லட்சமாகச் சுருங்கியது. (ஒரு ஹெக்டேர் என்பது நமது கணக்கில் சுமார் இரண்டரை ஏக்கர்.) விதைத்ததில் ஒரு பகுதி தண்ணீரில் அழுகியது. மிஞ்சியது வேர் விடாமல் மேலாகவே நின்றது. வசந்தத்திலும் ஈரம் விடவில்லை. இலையில் புள்ளி நோய் ஏறியது. மேகம் மூடியிருந்ததால் மணி பிடிக்கும் பருவத்தில் வெளிச்சம் போதவில்லை. அறுத்தபோது ஹெக்டேருக்கு 62 குவிண்டாலுக்கும் கீழேதான் கண்டது. சாதாரண வருஷத்தில் 70-க்கு மேல் காணும்.

இது முதல் தடவையும் அல்ல. 2015-ல் 4 கோடி டன்னுக்கு மேல் விளைந்து சாதனை செய்த நாடு, மறு வருஷமே 2016-ல் 2 கோடியே 80 லட்சம் டன்னையொட்டி விழுந்தது. அந்தக் குளிர்காலத்தில் குளிரே இல்லை. 2015 டிசம்பர் அபூர்வமான வெப்பத்துடன் இருந்தது. செத்திருக்க வேண்டிய பூச்சிகளும் நோய்களும் பிழைத்துக்கொண்டன. பின்பு மே மாதக் கடைசியில் பெருமழை. பாரிஸில் ஸேன் நதி கரைபுரண்டு, லூவ்ர் சித்திரசாலையின் கீழ்த்தளத்திலிருந்த பொக்கிஷங்களை மாடிக்குத் தூக்கினார்கள். அந்தச் செய்தியை உலகமெல்லாம் படித்தது. அதே மழையில் கதிர்கள் பதராய்ப் போனதைப் படித்தவர்கள் அதிகமில்லை.

ரொட்டியும் ராஜாங்கமும்

கோதுமை விளையாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரெஞ்சுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1788 ஜூலை 13-ந் தேதி, அறுவடைக்குச் சில நாட்களே இருந்த சமயம், ஒரு பயங்கர ஆலங்கட்டி மழை தேசத்தின் வடபாகத்தைக் குறுக்கே உழுதுகொண்டு போயிற்று. பிறகு கடுங்குளிர். மறு வருஷம் கோடையில் பாரிஸில் ரொட்டி விலை உச்சிக்கு ஏறியது. ஜூலை 14-ல் பாஸ்டீல் சிறை விழுந்தது. அக்டோபரில் பாரிஸ் நகரத்துப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்ஸேல்ஸுக்கு நடந்தே போனார்கள்; ராஜாவையும் ராணியையும் இளவரசனையும் ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். அப்போது அந்த மூவருக்கும் ஜனங்கள் வைத்த பட்டப்பெயர், ரொட்டிக்காரர், ரொட்டிக்காரி, ரொட்டிக்காரப் பையன்! புரட்சிக்கு நூறு காரணங்கள் உண்டு. ஆலங்கட்டி மழையால் மட்டும் முடி சாய்ந்தது என்று சொல்வது விளையாட்டுப் பேச்சு. ஆயினும் மாவு விலையை மறந்துவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

நமது காலத்துக்கு அருகில் வந்தால், 1956 பிப்ரவரியில் வந்த உறைபனியைக் கிழவர்கள் இன்னும் சொல்லுகிறார்கள். தெற்கே ஒலிவ மரங்கள் பட்டுப்போயின. வடக்கே குளிர்காலக் கோதுமையில் பெரும்பகுதி செத்தது. குடியானவர்கள் வசந்தத்தில் மீண்டும் உழுது, குறுகிய காலப் பயிரை விதைத்துச் சமாளித்தார்கள்.

அன்று சமாளித்தவர்கள் எத்தனை பேர்? 1955-ம் வருஷக் கணக்கின்படி பிரான்ஸில் 23 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2020-ல் எடுத்த கணக்கில் இருந்தவை 3 லட்சத்து 90 ஆயிரம். அறுபத்தைந்து வருஷத்தில் ஆறில் ஐந்து பங்கு மறைந்துவிட்டது. நமது கவலை மழையைப் பற்றி மட்டுமல்ல. இந்தக் கணக்கைப் பற்றியுந்தான்.

போகச் சொன்னது யார்?

இந்தப் பண்ணைகள் தாமாக மறையவில்லை. யுத்தம் முடிந்தபோது பிரான்ஸ் தன் ரொட்டிக்கே தவித்த தேசம். ஹெக்டேருக்கு 18 குவிண்டால் கண்டால் அதுவே சராசரி. நெப்போலியன் காலத்துச் சட்டப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு என்பதால், நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டு துண்டாயிற்று. ஒருவனுக்கே ஊரின் நாலு திசையிலும் நாலு கீற்று நிலம்! இதில் யந்திரத்தை எங்கே திருப்புவது?

ஆகையால் சர்க்கார் துண்டு நிலங்களைச் சேர்த்துப் பெரிய வயல்களாக்கும் வேலையில் இறங்கியது. வேலிகளும் வரப்புகளும் சாய்ந்தன. போஸ் சமவெளியில் சாய்ப்பதற்கு வேலி ஏது? மேற்கே பிரிட்டனி போன்ற மாகாணங்களில்தான் உயிர்வேலிகள் அடியோடு பெயர்க்கப்பட்டன. மறுபக்கம் ஆராய்ச்சிக்காரர்கள் குட்டையான, சாயாத கோதுமை வித்துக்களைக் கொடுத்தார்கள். 1946-ல் வந்த 'கப்பெல் தெப்ரே' என்ற வித்து வடபிரான்ஸை மட்டுமல்ல, கடல் தாண்டி இங்கிலாந்தையும் பிடித்துக்கொண்டது. ரசாயன உரம் வந்தது. டிராக்டர் வந்தது.

1960-லும் 1962-லும் இரண்டு பெரிய சட்டங்கள் வந்தன. இரண்டாவது சட்டத்தின்போது விவசாய மந்திரியாக இருந்தவர் எட்கார் பிஸானி. அதன் கீழ், வயதான குடியானவர் நிலத்தை விட்டு விலகினால் அவருக்கு ஆயுள் முழுவதும் சர்க்கார் பணம் கொடுத்தது. இளைஞனுக்கு இடம் விடவேண்டும், பண்ணை பெருக்கவேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்தை இன்று ஏளனம் செய்வது சுலபம். நாம் செய்யமாட்டோம். 18 குவிண்டால் 70 குவிண்டாலானது இந்த வழியில்தான். பட்டினி பயம் அந்தத் தேசத்தை விட்டுப் போனதும் இந்த வழியில்தான்.

குத்தகைதாரருக்கும் அவர்கள் நல்ல பாதுகாப்புச் செய்தார்கள். 1946-ம் வருஷச் சட்டப்படி குத்தகை குறைந்தது ஒன்பது வருஷம். வாரத்தை மாவட்ட அதிகாரி வரையறுப்பார். காரணமில்லாமல் வெளியேற்ற முடியாது. பிரான்ஸில் உழுகிற நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகை நிலமே. உழுகிறவன் உறக்கம் கெடாமல் உழ இது ஒன்றே பெரிய உதவி.

ஆனால் போகச் சொன்ன சர்க்காருக்கு, எந்த இடத்தில் நிறுத்துவது என்பது தெரியவில்லை. 2020-ல் ஒரு பண்ணையின் சராசரி 69 ஹெக்டேராக இருந்தது. தானியப் பண்ணை என்றால் இன்னும் பெரிது. அவ்வளவு நிலத்தையும் ஒரு குடும்பம், பல இடங்களில் ஒரே மனிதர், யந்திரத்தின் துணையோடு உழுது விதைத்து அறுக்கிறார். பண்ணை நடத்துவோரில் 2020-ல் நூற்றுக்கு 43 பேர் 55 வயதைத் தாண்டியவர்கள். இவர்கள் ஓய்வு பெறும்போது யார் வருவார்கள்? யந்திரங்கள், நிலம், கட்டிடம் எல்லாவற்றுக்கும் கடன் வாங்கி ஒரு இளைஞன் நுழைய வேண்டுமானால், அவன் தலைமுறைக்குள் தீராத கடன் அது. ஆகவே பக்கத்துப் பண்ணைக்காரர் வாங்கிச் சேர்த்துக்கொள்கிறார். ஐரோப்பிய ஐக்கியத்தின் உதவிப் பணத்தில் பெரும்பகுதி ஹெக்டேர் கணக்கில் வருவதால், நிலம் அதிகமுள்ளவருக்குப் பணமும் அதிகம் வருகிறது. சேர்த்துக்கொள்வதற்கு இதைவிட வேறென்ன தூண்டுதல் வேண்டும்?

ஏறாத மகசூல்

இன்னொரு விஷயமும் உண்டு. 1990-களின் மத்தியிலிருந்து பிரான்ஸில் கோதுமை மகசூல் ஏறவில்லை. வித்து மேம்பட்டுக்கொண்டேயிருக்கிறது, விளைச்சல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆராய்ந்தவர்கள் இரண்டு காரணம் சொல்லுகிறார்கள். ஒன்று, சீதோஷ்ணம். ஜூன் மாதத்தில் இப்போது அடிக்கடி கடும் வெயில் அடிக்கிறது. பால் பிடிக்கும் சமயத்தில் 25 டிகிரியைத் தாண்டிச் சூடு ஏறினால் மணி சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது, நிலத்துக்கு ஓய்வு போயிற்று. முன்பெல்லாம் கோதுமைக்கு முன்னால் பட்டாணி, குதிரைமசால் போன்ற பயறு இனப் பயிரை வைப்பார்கள். மண்ணுக்கு உரமும் ஆகும். நோயின் தொடர்ச்சியும் அறும். இப்போது கோதுமை, கடுகு இன எண்ணெய்வித்து, பார்லி, மறுபடி கோதுமை என்று குறுகிய சுற்றில் ஓடுகிறது. விற்பதற்கு அதுவே சௌகரியம். பலன்? கோதுமையோடு சேர்ந்தே முளைக்கும் 'வுல்பேன்' என்ற களைப்புல், மருந்துக்குச் சாகாத வம்சமாகிவிட்டது. மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் மாளாமல், விதைப்பைத் தள்ளிப் போடுகிறார்கள். அக்டோபர் முதலில் விதைத்தால் களை சேர்ந்து முளைக்கிறது. அக்டோபர் கடைசிக்குத் தள்ளினால் மழை வந்து விதைக்கவே விடுவதில்லை. 2023-ல் பல பேர் இந்தப் பொறியில்தான் அகப்பட்டார்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் போஸ் பிரதேசம் நல்ல வழி காட்டியிருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் 9,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் பெரும் நீர்த்தேக்கம் இருக்கிறது. 1976-ல் வந்த வறட்சிக்குப் பின் எல்லோரும் கிணறு தோண்டி இறைக்க ஆரம்பித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் நீர்மட்டம் விழுந்தது, சிற்றாறுகள் வற்றின. பிறகு ஆளுக்கு இவ்வளவு கன மீட்டர் என்று அளவு வகுத்தார்கள். கிணற்றுக்கு மீட்டர் வைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் நீர்மட்டத்தைப் பார்த்து, இந்த வருஷம் அளவில் முழுப் பங்கா, முக்கால் பங்கா என்று முடிவு செய்கிறார்கள். சண்டை இல்லாமல் நடந்ததென்று சொல்லமுடியாது. ஆனால் நடந்தது.

தலைகீழ்ப் பலகைகள்

2023 இலையுதிர் காலத்தில் பிரான்ஸின் தெற்கே தார்ன் ஜில்லாவில் ஒரு வேடிக்கை நடந்தது. ஊர் எல்லையில் இருக்கும் பெயர்ப்பலகைகளைக் குடியானவர்கள் கழற்றித் தலைகீழாக மாட்டினார்கள். நாட்டில் எல்லாமே தலைகீழாக நடக்கிறது என்பது அதன் பொருள். பிற ஜில்லாக்களும் இதைப் பின்பற்றின. 2024 ஜனவரியில் டிராக்டர்கள் பாரிஸைச் சுற்றியுள்ள பெருஞ்சாலைகளை மறித்தன. பிரதம மந்திரி கப்ரியேல் அத்தால் ஒரு பண்ணைக்குச் சென்று, வைக்கோல் கட்டின் மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு பேசினார். விவசாய டீசல் மீதான வரி உயர்வு ரத்து என்றார். குடியானவர்கள் கைதட்டினார்கள், ஆனால் வீடு திரும்பவில்லை.

ஏன்? 2022-ல் உக்ரேன் யுத்தம் வந்தபோது கோதுமை டன் 400 யூரோவைத் தாண்டியது. உர விலையும் அதோடு சேர்ந்து ஏறியது. பிறகு கோதுமை விலை வேகமாக இறங்கியது. செலவு அதே வேகத்தில் இறங்கவில்லை. 2024-ல் அறுவடை போயிற்று. மற்ற தேசங்களில் விளைந்திருந்ததால் விலை ஏறவில்லை. 2025-ல் 3 கோடியே 30 லட்சம் டன் விளைந்தது. விலையோ டன்னுக்கு 200 யூரோவுக்கும் கீழே நின்றது. நெடுநாள் வாடிக்கையான அல்ஜீரியா ரஷ்யக் கோதுமைக்குத் திரும்பிவிட்டது. விளையாவிட்டாலும் நஷ்டம், விளைந்தாலும் லாபமில்லை!

இந்த இடத்தில் பயிர் இன்ஷுரன்ஸ் உதவ வேண்டாமா? 2023 ஜனவரியில் பிரான்ஸ் புதுத் திட்டம் கொண்டுவந்தது. சிறு நஷ்டத்தைக் குடியானவர் ஏற்பார். நடுத்தர நஷ்டத்தை இன்ஷுரன்ஸ் கம்பெனி ஏற்கும், பிரிமியத்தில் நூற்றுக்கு 70 வரை சர்க்கார் தரும். பாதிக்கு மேல் போனால் சர்க்காரே தோள் கொடுக்கும். நல்ல திட்டந்தான். ஆனால் நஷ்டம் என்பதை எதோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள்? கடந்த ஐந்து வருஷ விளைச்சலில் மிக நல்லதையும் மிக மோசமானதையும் தள்ளி, மிஞ்சிய மூன்றின் சராசரியோடு.

கணக்குக்காக ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம். வரிசையாக 80, 75, 70, 62, 60 குவிண்டால் கண்ட நிலம். 80-ஐயும் 60-ஐயும் தள்ளினால் சராசரி 69. அதில் நூற்றுக்கு 20-க்கு மேல், அதாவது 55 குவிண்டாலுக்கும் கீழே விழுந்தால்தான் பணம். ஆறாம் வருஷம் 56 கண்டால் ஒரு காசும் கிடையாது! ஐந்து வருஷத்துக்கு முன் 80 கண்டவர் அவர். கடந்த மூன்று வருஷச் சராசரியை எடுத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. இந்த மனிதருக்கு அது 64-தான், இன்னும் மோசம். கெட்ட வருஷங்கள் தொடர்ந்து வந்தால் பாதுகாப்பும் தேய்ந்துகொண்டே போகும். எப்போதாவது ஒரு கெட்ட வருஷம் வரும் என்ற உலகத்துக்குப் போட்ட கணக்கு இது. உலக வர்த்தக உடன்படிக்கைகளில் வேரூன்றிய விதி என்பதால் பாரிஸ் தனியே மாற்ற முடியாது. ஆனால் மாற்றச் சொல்லி முதலில் குரல் எழுப்பவேண்டியது பாரிஸ்தான். டீசல் வரியை ரத்து செய்வதைவிட இது முக்கியம் என்பது நமது அபிப்பிராயம்.

இரண்டாவதாக, ஹெக்டேர் கணக்கில் போகும் உதவிப் பணத்தில் ஒரு நல்ல பங்கைப் புதிதாக நுழைகிற இளைஞருக்கும், பயறு இனத்தைத் திரும்பக் கொண்டுவருகிறவருக்கும் திருப்ப வேண்டும். பெரிய பண்ணைக்காரர்கள் கூச்சல் போடுவார்கள். 1962-ல் வயதானவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பத் துணிந்த தேசம், வாலிபர்களுக்குப் பணம் கொடுத்து அழைக்க ஏன் தயங்கவேண்டும்? 2025 மார்ச்சில் பிரான்ஸ் ஒரு சட்டம் செய்து, புதிய தலைமுறையை நிலத்துக்குக் கொண்டுவருவதையே அதன் நோக்கமாக அறிவித்திருக்கிறது. விவசாயம் தேசத்தின் தலையாய பொதுநலன் என்று அதில் எழுதியுமிருக்கிறார்கள். எழுதியது சரி. பணம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

போஸ் சமவெளியில் ஒவ்வொரு அக்டோபரிலும் விதைக்கும் யந்திரம் வயலோரத்தில் வந்து நிற்கிறது. குடியானவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் உருட்டிப் பார்க்கிறார். உதிர்ந்தால் இன்றே விதைக்கலாம். ஒட்டிக்கொண்டால் காத்திருக்க வேண்டும். எத்தனை நாள் காத்திருப்பது, களைக்குப் பயந்து இன்னும் ஒரு வாரம் தள்ளுவதா, மழைக்குப் பயந்து இப்போதே இறங்குவதா என்பதை அந்த 69 ஹெக்டேருக்கும் அவர் ஒருவரே முடிவு செய்யவேண்டும்.